பிரித்தவருக்கு மிச்சம்

விழுப்புரம் ஸ்டேஷன் வாசல் கடையில் அவர் தேங்காய்ப் போளி ஒன்றே ஒன்றுதான் வாங்குவார். "ஆளுக்கு ஒண்ணு வாங்கலாமே டீச்சர்" என்று சொன்னால் முறைப்பார். ரயில் ஏறி, இடம் பிடித்து, முகத்தை முந்தானையால் துடைத்து, எண்ணெய் ஊறிய காகிதத்தைப் பிரித்து, போளியை நடுவே பிட்டு, இரண்டு கையிலும் ஒவ்வொரு பாதியை வைத்துக்கொண்டு என் முன்னால் நீட்டுவார்.

"எடு."

நான் ஒன்றை எடுத்த பிறகுதான் மிச்சம் அவருக்கு. எது பெரியது என்று நானும் எத்தனையோ நாள் உற்று உற்றுப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடிக்க முடிந்ததில்லை. தராசில் வைத்தாலும் முள் ஆடாது.

ஒருநாள் அவருக்குக் கையில் அடிபட்டிருந்தது. நான் பிட்டேன். அவசரத்தில் பூரணம் எல்லாம் ஒரு பக்கமாகப் போய்விட்டது. மற்றது வெறும் மாவு. நீட்டினேன். பெரியவர், எனக்கு விட்டுக்கொடுப்பார் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் பூரணம் இருந்த பாதியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு முகம் தொங்கிப்போனது.

"இன்னா பாக்குற? பிரிச்சது நீதானே?" என்றார்.

நாங்கள் இருவரும் விழுப்புரத்தில் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் அறிவியல். அவர் விளையாட்டு ஆசிரியை. பள்ளியில் எல்லோருக்கும் அவர் பி.டி. டீச்சர், நான் அவருக்கு 'சயின்ஸு'. இரண்டு பேருக்கும் வீடு திண்டிவனத்தில் என்பதால் தினமும் போக வர ஒரே ரயில். பருத்திப் புடவைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் தாலிக்கயிற்றோடு சேர்ந்து தொங்கும் விசில், எப்போதும் லேசாக வலித்தைல வாசனை. பிறகு தாலிக்கயிறு போய்விட்டது. விசில் மட்டும் இருந்தது.

பிரித்து நீட்டுகிற பழக்கம் அவர் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. பெருமுக்கல் பக்கம் விவசாயக் குடும்பம். அங்கே அண்ணன் தம்பி நிலம் பிரிக்கும்போது மூத்தவர் கம்பை எடுத்துக்கொண்டு நடந்து வரப்புக்கு அடையாளம் போடுவாராம். இளையவர் முதலில் எடுப்பாராம். எடுத்தேன் என்று சொல்லி வெற்றிலையை வாங்கிவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது. மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது. பிரிப்பவருக்கு மிச்சம்தான் என்பதால் அவர் மனசாட்சியோடு பிரித்தே ஆக வேண்டும். "மனசாட்சி இல்லாதவன் பிரிச்சா?" என்று கேட்டேன். "அவனுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லிவிட்டு கையிலிருந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரிக்க ஆரம்பித்தார்.

கபடி சொல்லிக்கொடுக்கும்போதும் அவருக்கு ஒரே பாடம்தான். பாடி வருகிற பெண்ணைப் பாய்ந்து பிடிக்கப் போகும் பிள்ளைகளை விசிலடித்து நிறுத்திவிடுவார். "நீ இன்னாத்துக்குப் போற? நீ நின்ன எடத்துல நில்லு. அவ வரட்டும். ஆசைப்பட்டு உள்ள வருவா. வந்தாத்தான் கால் கெடைக்கும்." அந்தப் பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் ஜெயித்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பாடத்தை அவர் வீட்டிலும் நடத்துவார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் பள்ளியில் ஒரு தலைமை ஆசிரியர் இருந்தார். விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையில் பாதியை உடைந்த பெஞ்சுகள் போடத் தர வேண்டும் என்று கேட்டார். சண்டை வரும் என்று நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். டீச்சர் சிரித்த முகமாக, "நீங்களே பிரிங்க சார், நான் ஒண்ண எடுத்துக்கறேன்" என்றார். தலைமை ஆசிரியர் தட்டி வைத்துத் தடுத்தார். ஜன்னல் பக்கம் பெரிய பகுதி, கதவுப் பக்கம் சின்னஞ்சிறு பகுதி. பாய்களும் வளையங்களும் வைத்திருக்கிறாள், பெரியதைத்தான் எடுப்பாள். அதில்தான் மழை ஒழுகுகிறது. ஒழுகாத சின்னது நமக்கு என்பது அவர் கணக்கு. டீச்சர் கதவுப் பக்கத்தை எடுத்துப் பூட்டுப் போட்டுவிட்டார். உடைந்த பெஞ்சுகளை ஜன்னல் வழியாக உள்ளே தள்ள வேண்டியதாயிற்று. வாட்ச்மேன் அந்த வருஷம் முழுக்கத் தலைமை ஆசிரியரைத் திட்டிக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்துவிடச் சொல்லித் தலைமை ஆசிரியர் ஆள் அனுப்பினார். டீச்சர் சொன்ன பதிலை நான் சொல்லத் தேவையில்லை.

இப்படிப்பட்டவரை ஒரு மனிதர் ஏமாற்றிக்கொண்டே இருந்தார் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இருந்தார். அவர் புருஷன்.

எனக்கு அந்த மனிதரை முதல் நாளே பிடிக்கவில்லை. நெடுஞ்சாலை ஓரமாக மனை போட்டு விற்கிற தொழில். கொடி கட்டி, கல் நட்டு, பந்தல் போட்டு, வருகிறவர்களுக்குச் சாப்பாடும் போடுவார். அவருடைய மூலதனம் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் டீச்சருடைய சம்பளச் சீட்டும்தான். திண்டிவனத்தில் வீடு கட்டும்போது வங்கிக் கடன் இரண்டு பேர் பெயரிலும் வாங்கினார்கள். தவணை மட்டும் ஒருவர் சம்பளத்திலிருந்து போனது. அது யார் சம்பளம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வீட்டை டீச்சர் கட்டிய அழகை நான் பார்த்திருக்கிறேன். காலையில் ரயிலுக்கு முன்னால் போய்த் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, புடவை ஓரம் நனைந்தபடியே பிளாட்பாரத்தில் ஓடி வருவார். தரைக்கு வழவழ கல் வேண்டாம், வழுக்கும் என்று கடை கடையாக ஏறி இறங்கினார். பின்பக்கம் ஒரு பலாக்கன்று வைத்தார். ரயில் திண்டிவனத்தை விட்டுக் கிளம்பியதும் கேட்டைத் தாண்டி அந்த வீட்டு மொட்டை மாடி தெரியும். தினமும் அந்தப் பக்கத்து ஜன்னலில்தான் உட்காருவார். வீடு வரும்போது பேச்சை நிறுத்திவிடுவார். கடந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

மாடி கட்டுவதற்கென்று வீட்டின்மேல் இன்னொரு கடன் வந்தது. மாடி ஏறவில்லை, பணம் மனையில் இறங்கியது. அதன் பிறகு டீச்சர் சம்பளத்தின்மேல் தனிக்கடன். அதற்குப் பிறகு நகை. அவரைச் சொல்லி என்ன, நம் வீடுகளில் புருஷன் கையெழுத்துக் கேட்டால் எதற்கு என்று கேட்பவர்கள் எத்தனை பேர்? போளியை அவ்வளவு துல்லியமாகப் பிட்டவர், பிரிக்காத சொத்து என்று நினைத்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பிறகு அந்த விஷயம் தெரிய வந்தது. புருஷனுக்கு ஓர் அண்ணன். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, ஊர்ப் பஞ்சாயத்துகளில் முன்வரிசை நாற்காலி. அந்த அண்ணனுடைய மனைவிக்கு ஒரு தங்கை. அவளுக்கும் டீச்சர் புருஷனுக்கும் பழக்கம். அண்ணனுக்கு இது தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்தது மட்டுமில்லை, கல்யாணம் செய்து வைக்கவும் தயாராக இருந்தார். டீச்சர் அன்றைக்கே மகளையும் இரண்டு பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு மாடிக்குக் குடி வந்தார். மாடியில் ஓர் அறையும் சமையல்கட்டும் காலியாக இருந்தன.

அவர் புருஷன் அந்த வீட்டிலேயே காலை நீட்டிப் படுத்திருந்தார். மாதம் பிறந்தால் தவணை டீச்சர் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரியும். "நானா இருந்தா அந்த வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துவேன் டீச்சர்" என்றேன்.

"கத்துனா நம்ம தொண்டைதான் போவும். அதுக்குத்தான விசிலு வெச்சிக்கினு இருக்கேன்" என்றார்.

அன்றிலிருந்து ரயிலில் எதிர்ப்பக்கத்து ஜன்னலுக்கு மாறிக்கொண்டார். வீடு வரும் நேரத்தில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவார். அவிழ்ந்திருக்காது. ஆனாலும் கட்டுவார்.

மகள் ப்ளஸ் டூ முடித்தாள். பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தது. அம்மாவைப் போலவே விளையாட்டுப் பைத்தியம். அந்தப் படிப்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று நின்றாள். கல்விக்கடன் கேட்கப் போனோம். நானும் துணைக்குப் போயிருந்தேன். மேனேஜர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், உங்க பேர்ல ஏற்கெனவே வீட்டுக்கடன், அதுமேல ஒரு கடன், பர்சனல் லோன் எல்லாம் இருக்குது. சம்பளத்துல பாக்கியே நிக்கல. இன்னொரு கடன் எப்படி மேடம் குடுக்க முடியும்?"

"வீட்டுல அவருதாங்க இருக்கறாரு. நாங்க பிரிஞ்சிட்டோம்."

"பிரிஞ்சது உங்க குடும்பத்துக்கு மேடம். எங்களுக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே கடன்தான். கோர்ட்டுல விவாகரத்தே ஆனாலும் இங்க கையெழுத்து கையெழுத்துதான். அவரு கட்டலன்னா உங்களத்தான் கேப்போம்."

வெளியே வந்து வெயிலில் நின்றோம். மகள் செருப்பால் தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவள் தலையில் கை வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அப்புறம் என்னிடம் சொன்னார்: "பிரிக்கணும்மா சயின்ஸு. அவங்க கையாலயே பிரிக்க வெக்கணும்."

அதற்கப்புறம் அவர் நடந்துகொண்டதைப் பார்த்து நானே ஏமாந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டுக்குப் போய்ப் பலாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். கதவைத் தட்ட மாட்டார், உள்ளே போக மாட்டார். மரத்தடியில் நின்று வீட்டைப் பார்ப்பார், வருவார். அண்ணன் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தபோது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "எனக்கு ஒண்ணும் வேணாங்க்கா. அந்த வூடுதான் என் உசுரு" என்றாராம். எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் செங்கல்லுக்காக இவர்களிடம் போய் அழ வேண்டுமா என்று ஆத்திரத்தில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அங்கே அவசரம் இருந்தது. தங்கைக்குக் கல்யாணத்தை முடிக்க வேண்டும். அதற்கு இங்கே விவாகரத்து ஆக வேண்டும். பரஸ்பர சம்மதம் என்றால் கோர்ட்டில் இரண்டு தடவை கையெழுத்து. முதல் கையெழுத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி. டீச்சர் சம்மதம் என்று சொல்லியனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை: சொத்தும் கடனும் நம் வழக்கப்படி பிரிய வேண்டும். அவர்கள் பிரிக்கட்டும், நான் எடுக்கிறேன்.

பொது இடம் வேண்டும் என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணன், புருஷன், அவர்கள் பக்கத்து வக்கீல், டீச்சர். வெற்றிலைத் தட்டு நடுவில். நான் டீ கொடுக்கிற சாக்கில் சமையலறை வாசலிலேயே நின்றேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "இருக்கறது ரெண்டு. ஒண்ணு வூடு. இன்னொண்ணு பெருமுக்கல் மலையடியில ரெண்டு பேரு பேர்லயும் வாங்கிப் போட்ட கொல்லை ஒரு ஏக்கரா. வூடு பெருசு, கொல்லை வானம் பாத்த பூமி. அதனால நாயமா, வூட்ட எடுக்கறவங்க கடன எல்லாத்தையும் எடுத்துக்கணும்."

"எல்லாம்னா மாமா?" என்றார் டீச்சர்.

"வூட்டுக் கடன், அதுமேல வாங்கனது, உன் சம்பளத்துமேல வாங்குன கடன். அப்புறம் அடகுல கெடக்கற நகை எல்லாத்தையும் மீட்டு அவங்கவங்க நகைய அவங்கவங்களுக்குக் குடுக்கணும்." தம்பியின் சங்கிலியும் அந்த அடகில் இருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

புருஷன் நடுவில் புகுந்தார். "அண்ணே, அது மட்டுமில்ல. வூட்ட எடுக்கறவங்க மத்தவங்க பேர பேங்க்குல கழட்டி விட்டுடணும். நாளைக்கு எனக்கு பேஜாரு வரக்கூடாது பாரு. அது முடிஞ்சாத்தான் ரெண்டாவது கையெழுத்து. வக்கீல் சார், எழுதிக்கோங்க."

எனக்கு டீ டம்ளரை அந்த வெள்ளைச் சட்டைமேல் கவிழ்க்கலாமா என்று இருந்தது. இவள் வீட்டைத்தான் எடுப்பாள் என்று முடிவு கட்டி, தின்று தீர்த்த கடனையெல்லாம் அந்த வீட்டின் தலையில் கட்டியிருந்தார்கள். கொல்லை அவர்களுக்கு வேண்டும். பக்கத்தில் ரோடு வரப்போகிறது, மனை போடலாம். தொழில்காரர் அல்லவா.

டீச்சர் தலையைக் குனிந்திருந்தார். "இவ்ளோ கடன வெச்சா நான் எங்க மாமா போவேன்? வேற மாதிரி பிரிச்சுப் பாருங்களேன்" என்று இழுத்தார்.

"நீதானம்மா வழக்கப்படின்னு கேட்ட? பிரிச்சது பிரிச்சதுதான். நாலு பேரு முன்னாடி சொல்லிட்டேன். நான் பேச்சு மார்ற ஆளு கெடையாது."

"அப்ப இதுதான் கடைசிங்களா?"

"இதுதான்."

டீச்சர் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்தார். "கொல்லய நான் எடுத்துக்கறேன் மாமா" என்றார்.

புருஷன் முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்துவிட்டார். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தார். "ஏய், வூடு உனக்கு உசுருன்னு சொன்னியே" என்றார்.

"உசுருதாங்க" என்றார் டீச்சர். "ஆனா பிரிச்சது நீங்கதானே?"

அந்த 'ங்க'வை அவர் கடைசிவரை விடவில்லை. திட்டுகிறவர்களை அந்த மனிதருக்குச் சமாளிக்கத் தெரியும். இந்த மரியாதையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வக்கீல் பேனாவை மூடிவிட்டு டீயை எடுத்துக் குடித்தார்.

அவர்கள் போன பிறகு நான் டீச்சரைக் கட்டிக்கொண்டு குதித்தேன். "நல்லா நடிச்சீங்க டீச்சர்! என்னையே ஏமாத்திட்டீங்களே!" என்றேன். அவர் குதிக்கவில்லை.

"நடிக்கலம்மா. நடிச்சா மாட்டிக்குவோம். அந்த வூடு உசுருன்னு சொன்னேன், நெசம்தான். நெசத்தச் சொன்னதாலதான் நம்பினானுங்க." மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். நான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்குத் தித்திப்பு. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, நான் நன்றாக அனுபவித்தேன். டீச்சர் பெயரைக் கடனிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு நிலையான சம்பளக்காரர் ஒருவர் வர வேண்டும் என்று வங்கி சொல்லிவிட்டது. புருஷனின் வெள்ளைச் சட்டையை வங்கி மதிக்கவில்லை. கோர்ட்டில் முதல் கையெழுத்து முடிந்து, கல்யாண மண்டபத்துக்கும் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இரண்டாவது கையெழுத்து இல்லாமல் மாலை மாற்ற முடியாது. "பேங்க் பேப்பரக் கொண்டாங்க, ஜல்தியா கையெழுத்துப் போட்டுடறேன்" என்று டீச்சர் சிரித்தபடி சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் டீச்சர் இருந்த இடத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டார். பேச்சு மாறாதவர். மனை பார்க்க ஆள் ஏற்றிப்போகப் புருஷன் வைத்திருந்த கார் விற்பனைக்குப் போய் டீச்சர் சம்பளத்தின்மேல் இருந்த கடன் அடைந்தது. நகைகள் மஞ்சள் துணிப்பையில் வந்தன. டீச்சர் எல்லாவற்றையும் சரிபார்த்து, ஒரு ஜோடி தோடு குறைகிறது என்று திருப்பி அனுப்பி, அதுவும் வந்த பிறகுதான் விழுப்புரம் கோர்ட்டுக்குப் புறப்பட்டார். போகும்போது என் பேனாவை வாங்கிக்கொண்டு போனார். அவருடையது எழுதாது என்பதற்காக இல்லை. "என் பேனாவால நெறய போட்டுட்டேன்" என்றார்.

மகளுக்குக் கடன் கிடைத்தது. அவள் கல்லூரி சேர்ந்தாள். கொல்லையில் டீச்சர் மல்லாட்டை போட்டார். முதல் அறுவடையில் வேகவைத்த மல்லாட்டையைப் பள்ளிக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

இதோடு முடித்திருக்கலாம், அவர் முடிக்கவில்லை. வங்கியில் பெயரை எடுத்தார்கள், கைபேசி எண்ணை மாற்ற மறந்துவிட்டார்கள். அதனால் அந்த வீட்டுக் கடனைப் பற்றிய செய்தியெல்லாம் இவருக்கே வந்துகொண்டிருந்தது. தவணை கட்டவில்லை, அபராத வட்டி சேர்ந்தது, உடனே கட்டவும். மாதம் பிறந்து சில நாளில் ரயிலில் கைபேசி சிணுங்கும். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிப் பிரார்த்தனையில் செய்தி வாசிப்பதுபோல, பெட்டியில் இருக்கும் எங்கள் கூட்டத்துக்கெல்லாம் நிறுத்தி நிறுத்திப் படிப்பார். அன்றைக்கு எல்லோருக்கும் அவர் செலவில் சுண்டல்.

"ஒரு தடவ பேங்க்குக்குப் போயி நம்பர மாத்திடுங்களேன் டீச்சர்" என்று நானே ஒருமுறை சொன்னேன். எனக்கே அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

"இன்னாத்துக்கு? எனக்கு எம்மாம் மாசம் அவரு செலவு வெச்சாரு. இது இனாம்தானே" என்றார்.

நாளாக ஆகச் செய்திகள் நீண்டன. மனைகள் விற்கவில்லை. புருஷன் பாதி நாள் ஊரிலேயே இல்லை என்றார்கள். அவர் கட்டாததை வங்கி அண்ணனிடம் கேட்டது; சங்கத்துச் சம்பளத்தில் கை வைத்தது. வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம்.

ஒரு சாயங்காலம் விழுப்புரம் பிளாட்பாரத்தில் நாங்கள் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்த அண்ணன் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தவர், எங்கள் பெஞ்சில் ஓரமாக உட்காரலாமா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் மாமா. வூட்ல அக்கா நல்லா இருக்காங்களா?"

சுற்றிவளைத்துப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். "மாத்திக்கலாம்மா. கொல்லய எங்களுக்குக் குடுத்துடு. ரோடு வந்துடுச்சி, வித்து ஓரளவு அடச்சிடுவேன். வூட்ட நீ எடுத்துக்கோ. நீ பாத்துப் பாத்துக் கட்டன வூடும்மா. அடுத்தவன் ஏலத்துல எடுத்தா உனக்கு மனசு கேக்குமா? பின்னால உன் பலா காய்ச்சித் தொங்குது. பறிக்கக்கூட ஆளில்ல."

பலா என்றதும் டீச்சர் முகம் மாறியது. இவர் சரியென்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை விசில் கயிற்றைப் பிடித்து உருட்டியது. எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு ரயில் வந்து, நின்று, போனது.

பிறகு பையைத் திறந்து போளிக் காகிதத்தை எடுத்தார். பிரித்தார். போளியைப் பிட்டார். நான் அதுவரை பார்த்திராத ஒன்றை அன்றைக்குப் பார்த்தேன். ஒரு கையில் முக்கால் போளி, இன்னொரு கையில் ஓரத்துத் துண்டு. இரண்டையும் அவர் முன்னால் நீட்டினார்.

"எடுத்துக்கங்க மாமா."

அண்ணன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியதற்குப் பின்னால் என்ன இருக்குமோ என்று பயந்தாரோ, மரியாதை என்று நினைத்தாரோ, தெரியவில்லை. கையை நீட்டி ஓரத்துத் துண்டை எடுத்துக்கொண்டார்.

"சின்னத எடுக்கறீங்களே மாமா" என்றார் டீச்சர், மிகவும் அன்பாக. "இந்தப் புத்தி அன்னிக்குப் பிரிக்கறப்ப வரலியே."

அந்த மனிதர் துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயில் போடவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. டீச்சர் முக்கால் போளியை அவர் முகத்தைப் பார்த்தபடியே மென்று தின்றார். அவசரப்படவில்லை. எனக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பொறாமையாக இருந்தது.

ரயில் வந்தது. விரல் எண்ணெயைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு, "வர்றேன் மாமா" என்று சொல்லி ஏறினார். வெகுகாலத்துக்குப் பிறகு வீடு தெரிகிற பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்தார். மயிலம் தாண்டியதிலிருந்து முகத்தைக் கம்பியோடு ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தபடியே வந்தார். வீடு வந்தது, போனது. ஷூ கயிற்றுப் பக்கம் அவர் குனியவே இல்லை. என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

எனக்குப் போளி கிடைக்கவில்லை என்பது திண்டிவனத்தில் இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.